பின்பலகையில் எழுதிய சொல்

எனக்குப் பின்னால் வந்த வாகனக்காரர்கள் என்னை எவ்வளவு காலமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மீன்பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். இறங்கியவள் கோயில் பக்கம் திரும்பவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். அவள் என்னோடு பேசுவதென்றால் அப்படித்தான் நிற்பாள். வாயைப் பார்த்தால்தான் எனக்குப் பாதி விளங்கும்.

"அந்தப் பஸ்காரன் உங்கள என்னெண்டு ஏசினான் தெரியுமா?"

"எந்தப் பஸ்காரன்?"

"ஓந்தாச்சிமடத்திலருந்து ஹோன் அடிச்சி அடிச்சி வந்தானே, அவன்தான். செவிட்டுக் கழுதை எண்டு ஏசிற்றுப் போறான். செவிடெண்டது மெய். கழுதை எண்டதுக்குத்தான் எனக்குக் கோவம் வந்த."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் எங்களை முந்தும்போது அவளுடைய முழங்கையை உரசிக்கொண்டு போயிருந்தது. தோல் வழன்று சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

பெரியகல்லாற்றுக் கரையில் விடியற்காலையில் மீன் வாங்கி, மட்டக்களப்புப் பக்கம் போகும் பெருந்தெரு வழியே செட்டிபாளையம் மட்டும் கொண்டுபோய் வீடு வீடாக விற்பதுதான் என் தொழில். சண்டைக் காலத்தில் ஒருநாள் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் எழும்பினேன். ஊரார் குலதெய்வம் காப்பாற்றியது என்றார்கள். அவர்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. இடது காது அன்றோடு போயிற்று. வலது காதில், பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசினால், பானைக்குள் இருந்து யாரோ பேசுவதுபோல் கொஞ்சம் விழும்.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும், அவ்வளவுதான். மீன் வாங்குகிற பெண்கள் பேசினால் வாயைப் பார்த்துத் தலையாட்டுவேன். விளங்காவிட்டால் இன்னும் பலமாகத் தலையாட்டுவேன். இரண்டு வருடம் அப்படியே தலையாட்டிக்கொண்டு ஓட்டினேன். ஆமாம் சாமி போடுகிறவன் என்று என்னைப் பற்றி ஒரு பெயரும் வந்தது.

கோயில் வாசலில் நான் மனைவிக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடி பூட்டியிருக்கிறேன், பின்னால் வருகிறவன் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்றேன்.

"நீங்க அவங்களப் பாத்து என்ன? அவங்க உங்களப் பாக்கணும்," என்றாள். "மீன்பெட்டிய வெச்சா பின் லைட்டும் தெரியிறல்ல. பிரேக் புடிச்சாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. ஹோன் அடிச்சா நீங்க ஒதுங்கவும் மாட்டீங்க. அவன் என்னெண்டு நினைப்பான்? திமிர் புடிச்சவன் எண்டு நினைச்சி மேல ஏத்துவான்."

அவள் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. என் மீன்பெட்டி பெரியது. பலகையால் அடித்து உள்ளே தகரம் வைத்தது. கரியரில் ஏற்றினால் அது பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு அதன் அடியில் ஒளிந்துவிடும். ஐஸ்தண்ணீர் வழிந்து வழிந்து விளக்கின் கண்ணாடியும் கறுத்துப்போயிருந்தது. மோட்டார் சைக்கிளை ஒரு மாதத்துக்குள் ஒழுங்கு பண்ணாவிட்டால் பூட்டிவைத்துத் திறப்பைத் தரமாட்டேன் என்று பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொன்னாள். அந்த மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் நான் வீட்டு மூலையில் இருக்கும் ஒரு செவிடன்தான். அது அவளுக்கும் தெரியும்.

எனக்குக் கை சும்மா இராது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பின்விளக்கைக் கழற்றிப் பெட்டியின் பின்பலகையில், நடு உச்சியில் பூட்டினேன். பற்றரியில் இருந்து சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. பெட்டியின் முன்பலகையில் துளை போட்டு, ஐஸ்தண்ணீர் படாமல் மூடியின் ஓரத்தோடு உள்ளே கொண்டுபோய்ப் பின்பக்கம் எடுத்தேன். பிரேக் மிதித்தால் விளக்குப் பளிச்சென்று எரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் நல்லாயிருக்கு என்றாள். ஒரு பெட்டி, அதற்குள் போகும் இரண்டு வயர். அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்துகொண்டு எங்கள் இருவரில் ஒருவருக்கும் புத்தி அந்தப் பக்கம் போகவில்லையே என்று இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

வழியில் ஆமியின் சென்றி, வாகனங்களை மறித்துச் சோதிக்கிற சாவடி ஒன்று இருந்தது. தெருவின் குறுக்கே வெள்ளை பூசிய தார்ப் பீப்பாக்கள், மணல்மூட்டைகள், வரிசையில் நிற்கும் சனம். எல்லோரும் இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். என் முறை வந்தது. உயரமான, முன்பல் ஒன்று உடைந்த ஒரு சிப்பாய் பெட்டியின் மூடியைத் தூக்கினான். மீனைப் பார்த்தான். பிறகு வயரைப் பார்த்தான். மூடியை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினான்.

அதற்குப் பிறகு எல்லோருடைய வாயும் திறந்திருந்தது. சனம் ஓடியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆகவே நான் என் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். நிலத்தில் படு என்று அவன் கத்தியிருக்கிறான். நான் வழக்கம்போல் தலையாட்டியிருக்கிறேன். கடைசியில் யாரோ பின்னால் வந்து காலைத் தட்டிவிட, குப்புற விழுந்தேன். மணல் வாய்க்குள் போயிற்று. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழும்பிப் பார்த்தபோது சூடைமீன் எல்லாம் தெருவில் கிடந்தது. பல்லுடைந்தவன் விளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வயரைப் பிய்த்து எறிந்துவிட்டு, "வயர் எப்பா," என்றான். சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

விளக்கை என்னிடம் தந்து, போகச் சொல்லிக் கைகாட்டினான். மீனைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். அடையாள அட்டையை அவனிடம் விட்டுவிட்டேன் என்பது நினைவில்லை. பின்னால் அவன் கூப்பிட்டிருக்கிறான். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். நான் போய்க்கொண்டிருந்தேன். அவன் துவக்கைத் தூக்கிக் குறிபார்த்துவிட்டான். வரிசையில் நின்ற ஒரு பெண் ஓடிவந்து என் பெட்டியைப் பிடித்து இழுத்தபடியால் நான் திரும்பினேன். அவள் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பிப் போய் அட்டையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி திறப்பை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஏசியிருந்தால் நானும் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

ஒரு வாரம் வீட்டில் இருந்தேன். எட்டாம் நாள் அவளே வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"வயர் வேணாம். லைட்டையும் கீழ இருந்த இடத்திலயே பூட்டுங்க. பெட்டியில பெயின்ற் அடியுங்க. சிவப்புக் கண்ணாடி ஒட்டுங்க. அதுக்கு மேல காது கேக்காதெண்டு எழுதுங்க."

"எழுதுறதா?"

"ஓம். பெரிசா."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இரண்டு வருடமாக ஒளித்து வைத்ததைப் பலகையில் எழுதி ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிவதா என்று கேட்டேன். மீன் வாங்குகிற பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். தட்டை நகர்த்திவிட்டு எழும்பினேன். அவள் என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"அந்தப் பொம்புளையளுக்கு எப்பயோ தெரியும். அரைக்கிலோ கேட்டா ஒரு கிலோ போடுறீங்க. நீங்க வெக்கப்படக்கூடாதெண்டு அதுகளும் பேசாம வாங்கிற்றுப் போகுதுகள்."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்று சொல்வதில் இப்போது எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை ஊரே சேர்ந்து எனக்காக ஒளித்து வைத்திருக்கிறது.

அடுத்த நாள் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். அங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். பலகையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மீன் மணக்குது தம்பி," என்றார். பிறகு தம்பிக்கு என்ன எழுதவேண்டும் என்று கேட்டார். பக்கத்தில் வந்து நல்ல சத்தமாகப் பேசுவார், ஆகவே அவரோடு எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

"செவிடன் எண்டு மட்டும் எழுதாதீங்க காக்கா."

"நான் ஏன் அப்படி எழுதுறன்? காது கேட்காது. அவ்வளவுதான். ஆனா தம்பி, ஒங்களுக்குப் பின்னால வாற லொறியில பாதி ஆமிர லொறி. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமா? சிங்களத்திலயும் போடணும்."

"ஒங்களுக்குச் சிங்களம் எழுதத் தெரியுமா?"

"பொலநறுவையில பதினாலு வருஷம் யாவாரம் செஞ்சவன் நான்," என்றார். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு நானும் எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டேன்.

பலகைக்கு மஞ்சள் அடித்து, மேலே தமிழில் கறுப்பு எழுத்து, கீழே சிங்களத்தில் கறுப்பு எழுத்து. அதைக் கொண்டுவந்து பூட்டினேன். நான்கு மூலைக்கும், சைக்கிள் மட்கார்ட்டில் பூட்டுகிற சிவப்புக் கண்ணாடி வாங்கிப் பொருத்தினேன். மோட்டார் சைக்கிளின் பின் மட்கார்ட்டுக்கு வெள்ளை அடித்தேன். வெயில் பட்டால் அரைக் கட்டைத் தூரத்துக்கு, அரை மைலுக்கு அப்பால் இருந்தே தெரியும். மனைவி தெருவில் நெடுந்தூரம் நடந்துபோய் நின்று திரும்பிப் பார்த்தாள். வந்து திறப்பைத் தந்தாள்.

அந்த ஒரு வாரம் நான் நடந்துகொண்ட விதம் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வருகிற பஸ் என்னை நெருங்கும்போதே வேகம் குறையும். லொறி குறையும். ஆமி ட்றக் இன்னும் கூடக் குறையும். ட்றக்கில் இருக்கிற பொடியன்கள் எழுந்து நின்று பலகையைப் பார்ப்பார்கள், ஒருவருக்கொருவர் காட்டுவார்கள், முந்திப் போகும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், கையசைப்பார்கள். நானும் கையசைப்பேன். மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், எழுதிக் காட்டாதது என் பிழை என்று மனைவிக்கு விரிவுரை நடத்தினேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓட்டினேன்.

அதுவரை சென்றியில் நின்ற மற்றவர்கள் மூடியைத் தூக்கிப் பார்ப்பதோடு சரி; எட்டாம் நாள் பல்லுடைந்தவன் நின்றான். மூடியைத் தூக்கி வயர் இல்லை என்று பார்த்தான். பிறகு பின்னால் போனான். போனவன் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். பலகையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். அவர்களும் வாசித்தார்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் சிரிக்கவில்லை.

பல்லுடைந்தவன் என் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து, உடைந்த தமிழில், "நீ கேக்க மாட்டா?" என்றான்.

"ஓம்," என்றேன், தலையாட்டி.

"ஆமி சொன்னாலும் கேக்க மாட்டா?"

"ஆர் சொன்னாலும் கேக்காது," என்றேன். அதுதான் உண்மை.

சிரிக்காதவன் துவக்கின் வாரைத் தோளில் இருந்து கழற்றினான். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்துக் காட்டினேன். ஷெல் விழுந்ததைக் கையாலேயே நடித்துக் காட்டினேன். பல்லுடைந்தவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் தோளைப் பிடித்து, முகத்தை வரிசைப் பக்கம் திருப்பி நிற்பாட்டினான். பின்னால் போனான்.

நான் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திடீரென்று அத்தனை பேரும் திடுக்கிட்டார்கள். ஒரு தாய் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். மறுபடியும் திடுக்கிட்டார்கள். என் உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்தது, அவ்வளவுதான். அவன் முன்னால் வந்தபோது கையில் இரும்புக் கம்பி இருந்தது. எனக்கு நேர் பின்னால் இருந்த தார்ப் பீப்பாயை அதனால் ஓங்கி ஓங்கி அடித்திருக்கிறான். நான் கண்கூட இமைக்கவில்லை என்று வரிசையில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள்.

அவனுடைய முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து, பலகையின் சிங்கள வரியைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். "மம அஹன்னே நெஹெ." பிறகு தமிழில், "நான் சொல்லு கேக்க மாட்டேன்," என்றான். காதைத் தொட்டு, "மட்ட எஹென்னே நெஹெ. இது காது கேக்காது," என்றான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தமிழில் சத்தம் வந்தாலும் கேட்கிறது, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டாலும் கேட்கிறது, கேள்வி என்றாலும் கேட்கிறது. சிங்களத்தில் காதில் விழுவதற்கு வேறு சொல்லாம். காக்கா தமிழில் யோசித்துச் சிங்களத்தில் எழுதிவிட்டார். நான் ஒரு வாரமாக, சண்டைக்கு நடுவில், ஆமி ட்றக்குகளுக்கு முன்னால், நான் ஒருவர் சொல்லும் கேட்கமாட்டேன் என்று மஞ்சள் பலகையில் எழுதிக் கையும் அசைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

பல்லுடைந்தவன் சிரித்த சிரிப்பில் மணல்மூட்டையைப் பிடித்துக்கொண்டான். சிரிக்காதவனும் சிரித்தான். பிறகு பல்லுடைந்தவன் உள்ளே போய், பீப்பாய்க்குப் பூசுகிற வெள்ளைப் பெயின்ற் வாளியையும் ஒரு தூரிகையையும் கொண்டுவந்தான். பிழையான வரியை ஒரு பட்டையாக மறைத்து அடித்தான். வரிசை காத்திருந்தது. வெயில் காய்ந்தது. பெயின்ற் காய்ந்ததும், எங்கிருந்தோ கொண்டுவந்த தாரில் ஒரு குச்சியைத் தோய்த்து, குந்தியிருந்து எழுதினான். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. என் மீனைத் தெருவில் கொட்டியவன், என்னை நோக்கித் துவக்குத் தூக்கியவன் அவன். ஆனாலும் அவனுடைய எழுத்து அழகு என்பதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். காக்காவின் எழுத்தைவிட அழகு.

காக்காவிடம் போய்ச் சண்டை பிடிக்கத்தான் நினைத்திருந்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நமக்குக் கேக்கிறதெல்லாம் ஒண்டுதானே தம்பி," என்றார். அதற்குமேல் எனக்கு அவரோடு கோபிக்க மனம் வரவில்லை.

இது நடந்து இரண்டு, மூன்று வாரத்துக்குப் பிறகு. அந்தக் காலத்தில் ஆமியின் கொன்வோய், வரிசையாக ட்றக்குகள், வருகிறதென்றால் தெருவில் ஒரு குஞ்சு குருமான் நிற்காது. தூரத்தில் சத்தம் கேட்டதுமே சைக்கிள்காரன், மாட்டு வண்டில், எல்லோரும் மணலுக்கு இறங்கிவிடுவார்கள். எனக்குச் சத்தம் கேட்காதபடியால் மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்துத்தான் இறங்குவேன். எப்போதும் நானே கடைசி ஆள். எத்தனையோ தரம் விழுந்தடித்து இறங்கியிருக்கிறேன்.

அன்று காலை தேத்தாத்தீவைத் தாண்டிப் போகையில் முன்னால் ஒருவரும் இருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முதல் ட்றக் மிகவும் கிட்ட வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வரிசையாக மற்றவை. கை தானாக ஹாண்டிலை மணல் பக்கம் திருப்பப் போனது. திருப்பவில்லை. எனக்கு உரிய இடது ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கையும் பிடிக்கவில்லை, வேகத்தையும் கூட்டவில்லை. கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ட்றக் வேகம் குறைந்தது. என் பலகையை வாசிக்கிற அளவுக்கு நேரம் எடுத்தது. பிறகு வலது பக்கம் நன்றாக விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடுத்ததும் அப்படியே விலகியது. அதற்கடுத்ததும். ஒன்றுவிடாமல் எல்லாம், ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு மீன்காரனுக்காகத் தெருவின் மறுபக்கம் போய்த் திரும்பின. அந்தச் சண்டைக்காலம் முழுவதிலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது வேறு எந்த நாளும் இல்லை.

புழுதி அடங்கியபோது தெருவில் இருந்து ஒழுங்கை பிரியும் முகப்பில் என்னிடம் எப்போதும் இறால் வாங்குகிற பெண் சட்டியோடு நின்றாள். கொன்வோய்க்காக வேலியோடு ஒட்டி நின்றவள், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். கிட்ட வந்து, நான் வாயைப் பார்க்கவேண்டும் என்பதற்காக நேரே நின்று, மெதுவாகக் கேட்டாள்.

"ஆமிக்காரன் உங்களுக்கா விலகிப் போனவன்?"

இரண்டு வருடமாக விளங்காமலே தலையாட்டிய நான், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கித் தலையாட்டினேன்.

"ஓம். எனக்குத்தான். எனக்குக் காது கேக்காதெல்லோ," என்றேன்.